பின்வாசல் திறந்திருக்கா, சாத்தியிருக்கா? அயனி விரவலின் மின்மறுப்பைச் சமானச் சுற்றில் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழிகாட்டியின் பாதி அதிலிருந்துதான் வந்தது. காரைக்குடியில் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், சுழலும் வட்டு மின்வாயில் (கரைசலுக்குள் சுழலும் தட்டை மின்முனை) மின்மறுப்பு, அதாவது இம்பீடன்ஸ், எடுத்தேன்: சின்ன மாறு மின்னழுத்த அலையைக் கொடுத்து, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மின்னோட்டத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு என்று பார்ப்பது. நைக்விஸ்ட் வரைபடத்தில், அதாவது மின்மறுப்பின் மெய்ப்பகுதியைக் கிடைமட்டத்திலும் கற்பனைப்பகுதியின் எதிர்மறையைச் செங்குத்திலும் வைத்த படத்தில், அழகாக இரண்டு வளைவுகள் வந்தன. தரவைத் தடையும் மின்தேக்கியும் கொண்ட ஒரு சமானச் சுற்றோடு பொருத்த, அதாவது ஃபிட் பண்ண, மென்பொருளைத் திறந்தால், அயனி விரவலுக்கு (டிஃப்யூஷன்) வார்பர்க் என்ற பெயரில் மூன்று உறுப்புகள் நிற்கின்றன: வெறும் வார்பர்க், 'ஓபன்' வார்பர்க், 'ஷார்ட்' வார்பர்க். கரைசலில்தான் அயனி தாராளமாக வந்து போகிறதே, வழி திறந்துதானே இருக்கிறது என்று 'ஓபன்' போட்டேன். தரவு வளைந்து கீழே இறங்குகிறது, ஃபிட் கோடு செங்குத்தாக மேலே ஏறுகிறது. இரண்டு நாள் ஆரம்ப மதிப்புகளை மாற்றிப் பார்த்தேன், கருவியைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் கரைசலையே புதிதாகக் கலக்கினேன்.

அப்போது கோட்டையூரில் ஒரு பழைய வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் கண் போகும். பின்வாசலைத் திறந்தால் அடுத்த தெரு. அந்த வாரம் வீட்டில் கல்யாணம். பந்தி முடிந்தவர்கள் வந்த வழியே திரும்ப முட்டிக்கொண்டு நிற்க, ஆச்சி என்னைப் பார்த்து, "தம்பி, அந்தப் பின்கதவைத் திறந்து விடுப்பா, சாப்பிட்டவுக அப்படியே பின்தெரு வழியாப் போகட்டும், இல்லாட்டி வளவுல கால் வைக்க இடமிருக்காது" என்றார். திறந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் கூட்டம் ஒரு சீரான ஓட்டமாகிவிட்டது. முன்னால் எத்தனை பேர் நுழைகிறார்களோ, பின்னால் அத்தனை பேர் வெளியே. அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் என் ஃபிட் ஏன் உதைக்கிறது என்று புரிந்தது.

கதவு திறந்திருந்தால் கூட்டம் நகரும். அது மின்தடை மாதிரி. கதவு சாத்தியிருந்தால் கூட்டம் நிரம்பும். அது மின்தேக்கி மாதிரி. மென்பொருளில் உள்ள 'ஓபன்', 'ஷார்ட்' என்ற பெயர்கள் கதவைப் பற்றியவை இல்லை, மின்சுற்றின் கடைசி முனையைப் பற்றியவை. சுற்றில் 'ஓபன்' என்றால் கம்பி அறுந்திருக்கிறது, அதாவது அயனிக்குக் கதவு *சாத்தி* இருக்கிறது. 'ஷார்ட்' என்றால் கடைசி முனை இணைக்கப்பட்டிருக்கிறது, அதாவது கதவு *திறந்து* இருக்கிறது. நான் நேர்மாறாகப் போட்டிருந்தேன்.

எங்கள் ஊரில் இந்த மாதிரிப் பேச்சு ஒன்றும் புதிதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இங்கேதான் இருக்கிறது. டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் 'நைக்விஸ்ட்' என்ற சொல் விழுந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அதே பெஞ்சில், வார்பர்க்கை எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம் என்ற தொனியும் அடிக்கடி காதில் விழும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் டிஃப்யூஷன் என்று சொல்வதைத்தான் கீழே விரவல் என்று எழுதுகிறேன்.

படி 1: அளப்பதற்கு முன்னால் செல்லை நிம்மதியாக விடுங்கள்

ஃபிட்டில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு அளவீட்டிலேயே விதைக்கப்படுகிறது. விரவல் மெதுவானது, அதைப் பார்க்கக் குறைந்த அதிர்வெண்ணுக்குப் போகவேண்டும். 1 மில்லிஹெர்ட்ஸில் ஒரே ஒரு அலை முடிய 1000 விநாடி, அதாவது 16 நிமிடம் 40 விநாடி. 10 மில்லிஹெர்ட்ஸிலிருந்து 1 மில்லிஹெர்ட்ஸ் வரை, பத்து மடங்குக்குப் பத்துப் புள்ளி வீதம், ஒவ்வொன்றுக்கும் ஒரே அலை என்று கணக்குப் போட்டாலும் சுமார் 4400 விநாடி, ஒரு மணி நேரத்துக்கு மேல். இவ்வளவு நேரமும் செல் மாறாமல் இருக்கவேண்டும். மின்னேற்றம் முடிந்த கையோடு அளந்தால், மின்னழுத்தம் தானாக இறங்கிக்கொண்டிருக்கும் சரிவு உங்கள் தரவுக்குள் கலந்து, நைக்விஸ்டின் கடைசிப் புள்ளிகளை ஏதோ ஒரு பக்கம் வளைத்துவிடும். அந்த வளைவைப் பார்த்து 'ஆஹா, கதவு திறந்திருக்கிறது' என்று எழுதிய அறிக்கைகளை நானே படித்திருக்கிறேன். ஒன்றிரண்டு நானே எழுதியவை.

அலையின் உயரம் 5 முதல் 10 மில்லிவோல்ட் போதும். அதற்கு மேல் போனால் நேரியல் தன்மை கெடும், கீழே போனால் இரைச்சல் தின்றுவிடும்.

வெப்பநிலையைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மே மாதக் காரைக்குடியில் ஏசி இல்லாமல் ஆய்வகத்தில் உட்கார முடியாது. ஏசியின் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும். எங்கள் அறையில் அந்தச் சுற்று ஏறக்குறைய கால் மணி நேரம். 1 மில்லிஹெர்ட்ஸ் அலையும் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு வாரம் அந்த இடத்தில் மட்டும் புள்ளிகள் குதித்தன. கடைசியில் செல்லை ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்குள் ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீரும் வைத்தேன். குதிப்பு நின்றது. கரண்ட் போகும் நேரத்தில் யூபிஎஸ் மாறும் அந்த ஒரு கணமும் தரவில் விழும். அந்தப் புள்ளியைத் தயங்காமல் தூக்கிவிடுங்கள்.

அளந்து முடித்ததும் கிராமர்ஸ்-க்ரோனிக் சோதனையை ஓட்டுங்கள். மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் ஒன்றையொன்று தீர்மானிப்பவை. செல் நடுவில் மாறியிருந்தால் அந்த உறவு உடையும். குறைந்த அதிர்வெண் பக்கம் மட்டும் பிழை ஒரே திசையில் சாய்ந்தால், செல் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பகுதியை வைத்து விரவல் பேசாதீர்கள்.

படி 2: கதவுக் கேள்வி

சுற்று வரையும் முன் ஒரு தாளில் மின்வாயை வரைந்து, அயனி எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்று ஒரு கோடு போடுங்கள். கோட்டின் கடைசியில் என்ன இருக்கிறது? பதில் மூன்றுதான்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒன்றுமே இல்லை: அசையாத கரைசலில் ஒரு தட்டை மின்வாய். அலை போய்ச் சேரும் தூரம், விரவல் குணகத்தை (அயனி எவ்வளவு வேகமாக விரவுகிறது என்ற எண்) கோண அதிர்வெண்ணால் (அதிர்வெண் × 2 × பை) வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது. விரவல் குணகம் விநாடிக்கு 0.000007 சதுர செ.மீ. என்றால் 0.1 ஹெர்ட்ஸில் அந்தத் தூரம் சுமார் 33 மைக்ரோமீட்டர்தான். அலை சுவரையே தொடாததால் சுவர் பற்றிக் கவலை இல்லை. இதுதான் ஜெர்மன் இயற்பியலாளர் எமில் வார்பர்க் 1899-இல் கணக்கிட்ட எல்லையற்ற விரவல். ஆனால் 1 மில்லிஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அதே தூரம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்காகும். அங்கே கரைசலின் இயற்கையான சலனம் குறுக்கிடும், சமன்பாடு கைவிட்டுவிடும்.

கடைசியில் திறந்த கதவு: சுழலும் வட்டு, எரிபொருள் கலத்தில் வாயு கடந்து வரும் அடுக்கு. விரவல் அடுக்கு முடியும் இடத்தில் செறிவு எப்போதும் மாறாது, ஏனென்றால் அதற்கப்பால் பின்தெரு மாதிரி எல்லையில்லாத இருப்பு. எத்தனை பேர் போனாலும் தெரு நிறையாது.

கடைசியில் சாத்திய கதவு: லித்தியம் நுழையும் பேட்டரித் துகள், மெல்லிய பட மின்வாய். அயனி துகளின் நடுவுக்கோ உலோகத் தகட்டுக்கோ போனதும் அதற்கு மேல் வழி இல்லை. நிரம்பும்.

படி 3: சுற்றை வரையுங்கள், இடம் மாறாமல்

மின்வேதியியலாளர் ராண்டில்ஸ் 1947-இல் கொடுத்த சுற்றிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. கரைசலின் தடை தொடரில். அதற்குப் பிறகு இரண்டு கிளைகள் பக்கவாட்டில்: ஒன்றில் இரட்டை அடுக்கின் (மின்வாய்ப் பரப்பில் எதிரெதிர் மின்சுமைகள் அணிவகுக்கும் மெல்லிய அடுக்கு) மின்தேக்கி, மற்றதில் மின்சுமை மாற்றத் தடையும் விரவல் உறுப்பும் *தொடராக*. ஏன் ஒரே கிளையில் என்றால், வினை நடக்க அயனி மேற்பரப்புக்கு வரவும் வேண்டும், எலக்ட்ரானை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். ஒரே மின்னோட்டம் இரண்டையும் கடக்கிறது. இரட்டை அடுக்கை நிரப்பும் மின்னோட்டம் அந்தப் பக்கமே போவதில்லை.

பேட்டரிக்காரர்கள் பலர் விரவல் உறுப்பை எடுத்து வெளியே, கடைசியில், எல்லாவற்றுக்கும் தொடராக வைக்கிறார்கள். மின்சுமை மாற்றத் தடையும் இரட்டை அடுக்கும் சேர்ந்து நைக்விஸ்டில் தரும் அரைவட்டம் நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸிலும் விரவல் மில்லிஹெர்ட்ஸிலும் விலகி இருந்தால் எண்கள் பெரிதாக மாறாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டும் நெருங்கும்போது, குளிரில் அளக்கும் செல்லில் இது சாதாரணம், தடையும், விரவலின் அளவைச் சொல்லும் சிக்மாவும் (படி 4), இரண்டுமே தப்பாக வரும். உள்ளே வைத்துப் பழகுங்கள். கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

படி 4: கையால் ஒரு கணக்கு

மென்பொருளை இன்னும் திறக்கவேண்டாம். எல்லையற்ற விரவலுக்கு:

வார்பர்க் மின்மறுப்பு = சிக்மா × (1 − ஜே) ÷ √ஒமேகா

ஒமேகா கோண அதிர்வெண், ஜே கற்பனை அலகு. மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் சமம், அதனால்தான் நைக்விஸ்டில் 45 பாகைக் கோடு. சிக்மாவின் விலாசம் இது:

சிக்மா = (வாயு மாறிலி × வெப்பநிலை) ÷ (எலக்ட்ரான் எண்ணிக்கை² × ஃபாரடே மாறிலி² × பரப்பு × √2) × [ 1 ÷ (செறிவு × √விரவல் குணகம்) ]

அடைப்புக்குள் உள்ளதை ஆக்சிஜனேறிய வடிவத்துக்கும் ஒடுங்கிய வடிவத்துக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டவேண்டும்.

ஃபெர்ரி-ஃபெர்ரோசயனைடு, அதாவது ஆக்சிஜனேறிய வடிவமும் ஒடுங்கிய வடிவமும் சேர்ந்த சோதனைக் கரைசல், எல்லா ஆய்வகத்திலும் இருக்கும். இரண்டும் 5 மில்லிமோலார், 3 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் கார்பன் வட்டு, அதாவது 0.0707 சதுர செ.மீ., விரவல் குணகம் இரண்டுக்கும் மேலே சொன்ன 0.000007 என்று வைத்தால், 25 பாகை செல்சியஸில் சிக்மா சுமார் 400 ஓம் பெருக்கல் விநாடியின் மைனஸ் அரை அடுக்கு. 1 ஹெர்ட்ஸில் விரவலின் மெய்ப்பகுதி சுமார் 160 ஓம், 0.1 ஹெர்ட்ஸில் சுமார் 510. உங்கள் அளவு இதற்குப் பக்கத்தில் இல்லாமல் 4000 என்று வந்தால் மின்வாய் அழுக்கு; ஃபிட்டுக்குப் போகாமல் அலுமினாப் பொடியை எடுத்துத் தேயுங்கள்.

இப்போது கிடைமட்டத்தில் 1 ÷ √ஒமேகா, செங்குத்தில் மெய்ப்பகுதி, அதே தாளில் கற்பனைப்பகுதியின் எதிர்மறை, இரண்டையும் வரையுங்கள். விரவல் ஆளும் இடத்தில் இரண்டும் நேர்கோடு, இரண்டும் இணைகோடு, இரண்டின் சாய்வும் சிக்மா. மெய்ப்பகுதிக் கோட்டை இடப்பக்கம் நீட்டினால் வெட்டும் இடம் கரைசல் தடையும் மின்சுமை மாற்றத் தடையும் சேர்ந்தது. கற்பனைக் கோட்டின் வெட்டு, சிக்மாவின் வர்க்கத்தையும் இரட்டை அடுக்கின் மின்தேக்கத்தையும் பெருக்கி இரண்டு மடங்காக்கினால் வருவது; இந்தச் சின்ன மின்வாயில் ஒரு ஓம்கூட வராது. கோடுகள் இணையாக இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது சுத்தமான எல்லையற்ற விரவல் இல்லை. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஃபிட் பண்ணுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, நானும் பல வருடம் செய்யாமல் இருந்தேன் என்றாலும்.

படி 5: சுவர் உள்ள இரண்டு சமன்பாடுகள்

டௌ என்பது விரவல் நேரம்: தூரத்தின் வர்க்கத்தை விரவல் குணகத்தால் வகுத்தது. விரவல் தடை ஒரு மின்தடை. √(ஜே × ஒமேகா × டௌ) என்பதை 'யு' என்று வைத்துக்கொண்டால் (கீழே வரும் டான்-ஹெச், காத்-ஹெச் என்பவை tanh, coth என்ற அதிபரவளையச் சார்புகள்),

திறந்த கதவு: விரவல் தடை × டான்-ஹெச்(யு) ÷ யு

சாத்திய கதவு: விரவல் தடை × காத்-ஹெச்(யு) ÷ யு

உயர் அதிர்வெண்ணில் இரண்டும் ஒன்றே, அதே 45 பாகைக் கோடு. அலை இன்னும் கதவுக்கே போகவில்லை, கதவு எப்படி இருந்தால் அதற்கென்ன? கீழே இறங்க இறங்கப் பிரிகின்றன. திறந்த கதவில் கோடு வளைந்து, சாய்ந்த துளி போல, மெய் அச்சில் வந்து விரவல் தடையின் முழு அகலத்தில் முடியும்; அதன் உச்சி ஒமேகா × டௌ = 2.54 என்ற இடத்தில். சாத்திய கதவில் கோடு செங்குத்தாக எழும். அங்கே அது விரவல் தடையில் மூன்றில் ஒரு பங்கும் ஒரு மின்தேக்கியும் தொடரில் இருப்பது போல நடந்துகொள்ளும், அந்த மின்தேக்கத்தின் அளவு டௌவை விரவல் தடையால் வகுத்தது.

என் சுழலும் வட்டுக்கே கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 1600 சுற்று, நீரின் பாகுநிலை, அதே விரவல் குணகம்: சுழலும் வட்டில் விரவல் அடுக்கின் தடிமனைத் தரும் லெவிச் சமன்பாட்டில் விரவல் அடுக்கு சுமார் 11 மைக்ரோமீட்டர், டௌ 0.17 விநாடி, துளியின் உச்சி 2.3 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். முழு வடிவமும் சில நிமிடத்தில் அளந்து முடிகிறது. கதவுச் சமாசாரத்தைக் கண்ணால் பார்த்துப் பழக இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியவில்லை. சுழற்சியை மாற்றினால் துளி சுருங்கி விரிவதையும் பார்க்கலாம்.

பெயர்க் குழப்பத்தில் இன்னொன்று. பூகாம்ப் என்ற ஆய்வாளரின் வழிக் குறியீட்டில் 'ஓ' என்ற ஒற்றை எழுத்து டான்-ஹெச் உறுப்பு, 'டி' என்பது காத்-ஹெச். வேறு சில மென்பொருள்களில் டபிள்யூவுக்குக் கீழே 'ஓ' போட்டால் 'ஓபன்', அதாவது காத்-ஹெச். ஒரே எழுத்து, எதிரெதிர் அர்த்தம். கையேட்டைத் திறந்து சமன்பாட்டைப் பாருங்கள், எழுத்தை நம்பாதீர்கள்.

துகள் உருண்டையாக இருந்தால் காத்-ஹெச்(யு) ÷ யு என்பதற்குப் பதில் டான்-ஹெச்(யு) ÷ (யு − டான்-ஹெச்(யு)) என்று போடவேண்டும். அப்போது அந்த மூன்றில் ஒரு பங்கு ஐந்தில் ஒரு பங்காகும்.

படி 6: ஃபிட், அதில் உள்ள பெரிய பள்ளம்

உயர் அதிர்வெண் பகுதியை மட்டும் வைத்துக் கரைசல் தடை, மின்சுமை மாற்றத் தடை, இரட்டை அடுக்கு மூன்றையும் முதலில் பிடியுங்கள். அவற்றைப் பூட்டிவிட்டு, படி 4-இல் கிடைத்த சிக்மாவை ஆரம்ப மதிப்பாக வைத்து விரவலைப் பிடியுங்கள். பிறகு எல்லாப் பூட்டையும் திறந்து ஒரு தடவை ஓட்டுங்கள். எடையை மின்மறுப்பின் அளவுக்கு ஏற்றபடி வையுங்கள், இல்லாவிட்டால் கீழே உள்ள பெரிய எண்கள் மேலே உள்ள சின்ன எண்களை விழுங்கிவிடும்.

பள்ளம் எங்கே என்றால், உங்கள் தரவில் வளைவு தெரியாமல் வெறும் 45 பாகைக் கோடு மட்டும் இருந்தால், அந்தக் கோட்டிலிருந்து கிடைப்பது விரவல் தடை ÷ √டௌ என்ற *ஒரே ஒரு* எண். தடையை இரட்டிப்பாக்கி டௌவை நான்கு மடங்காக்கினால் கோடு அசையாது. மென்பொருள் மட்டும் இரண்டு எண்ணையும் நாலு தசமத்தில் அச்சடித்துக் கொடுக்கும். பக்கத்தில் உள்ள பிழை விழுக்காட்டைப் பார்த்தால் 300 என்று இருக்கும். அதைப் பார்க்காமல் டௌவிலிருந்து விரவல் குணகம் எடுத்து அட்டவணை போடுவது, பூட்டிய அறைக்குள் எத்தனை மூட்டை நெல் இருக்கிறது என்று வாசலிலிருந்து எண்ணுவது மாதிரி.

பேட்டரியில் இது எவ்வளவு சகஜம் என்று பாருங்கள். துகளின் ஆரம் 5 மைக்ரோமீட்டர். விரவல் குணகம் விநாடிக்கு ஒரு சதுர செ.மீ.யில் நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் டௌ 250 விநாடி, வளைவு 0.6 மில்லிஹெர்ட்ஸை ஒட்டி வரும். பொறுமை இருந்தால் எட்டலாம். பத்து மடங்கு மெதுவாக இருந்தால் டௌ 2500 விநாடி, நூறு மடங்கு என்றால் 25,000 விநாடி, ஏழு மணி நேரம். அந்த வளைவை யாரும் பார்த்து முடிக்கப்போவதில்லை. அப்படியானால் எல்லையற்ற வார்பர்க்கையே போட்டு, சிக்மாவோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

கோடு 45 பாகையில் இல்லாமல் 50, 60 என்று நின்றால், வர்க்கமூலத்தின் அரை என்ற அடுக்கெண்ணுக்குப் பதில் ஒரு மாறும் அடுக்கெண்ணை விட்டு ஃபிட் பண்ணலாம். துகள்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லாதது ஒரு காரணம். ஃபிட் அழகாக ஒட்டும். ஆனால் அடுக்கெண் 0.5-இலிருந்து விலக விலக டௌவுக்கு நேரடிப் பொருள் குறையும். 0.47 என்றால் நான் பேசாமல் போய்விடுவேன், 0.38 என்றால் சுற்றையே சந்தேகப்படுவேன்.

படி 7: இது விரவல்தானா, இல்லை துளைகளா?

45 பாகையைப் பார்த்ததும் விரவல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நுண்துளை மின்வாயில், துளைக்குள் இருக்கும் மின்பகுளியின் தடையும் துளைச் சுவரின் இரட்டை அடுக்கும் சேர்ந்து இதே கோட்டைக் கொடுக்கும். டி லெவி என்ற ஆய்வாளர் 1960-களில் எழுதிய கணக்கு இது. கணிதம் ஒன்றே, சேதி வேறு. எனக்கு உதவிய அடையாளங்கள்: துளைக் கோடு பெரும்பாலும் சில ஹெர்ட்ஸ் முதல் நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை, அரைவட்டத்துக்கு முன்னாலேயே வரும், மின்வாய்ப் பூச்சைத் தடிமனாக்கினால் நீளும், மின்பகுளியின் செறிவை மாற்றினால் மாறும். துகளுக்குள் நடக்கும் விரவல் பூச்சின் தடிமனையும் மின்பகுளியையும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, வெப்பநிலையையும் மின்னேற்ற நிலையையும் கண்டுகொள்ளும். இரண்டு தடிமனில் செல் செய்வது ஒரு நாள் வேலை, அந்தச் சந்தேகத்தோடு ஆறு மாதம் இருப்பதற்கு அது மேல்.

படி 8: நேரக் களத்துக்கு ஏணி

பேட்டரி நிர்வாகச் சுற்றுக்கோ, சிமுலேஷனுக்கோ போனால் அங்கே கணக்கு அதிர்வெண்ணில் இல்லை, நேரத்தில்; √ஒமேகாவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தடையும் மின்தேக்கியுமாக உடைக்கவேண்டும். இங்கே மறுபடியும் அந்த வீடுதான்: நடைபாதை தொடரில் உள்ள தடை, இருபக்கமும் வளவைப் பார்த்த அறைகள் தரைக்கு இறங்கும் மின்தேக்கிகள். கூட்டம் ஒவ்வொரு அறையையும் நிரப்பிக்கொண்டே அடுத்த கட்டுக்கு நகர்கிறது. விரவல் தடையையும் மின்தேக்கத்தையும் சம துண்டுகளாக்கி ஏணி கட்டினால் வேலை செய்யும், ஆனால் இருபது படியாவது வேண்டும்.

அதைவிடச் சிக்கனமான வழி ஒன்று உண்டு. காத்-ஹெச் உறுப்பைச் சரியாகவே இப்படிப் பிரிக்கலாம்: தொடரில் ஒரு பெரிய மின்தேக்கி, அதன் அளவு டௌ ÷ விரவல் தடை, அதோடு தொடராக, தடையும் மின்தேக்கியும் பக்கவாட்டில் இணைந்த ஜோடிகள். எல்லா ஜோடியிலும் மின்தேக்கி ஒரே அளவு, பெரியதில் பாதி. கே-ஆவது ஜோடியின் தடை, 2 × விரவல் தடை ÷ (கே² × பை²).

ஒரு நாணய செல்லுக்குப் போட்டுப் பார்ப்போம். விரவல் தடை 90 ஓம், டௌ 250 விநாடி. பெரிய மின்தேக்கி 2.78 ஃபாரட், ஜோடிகளில் 1.39 ஃபாரட். தடைகள் வரிசையாக 18.2, 4.56, 2.03, 1.14 ஓம், நேர மாறிலிகள் 25.3, 6.3, 2.8, 1.6 விநாடி. நாலும் சேர்ந்தால் சுமார் 26 ஓம். முடிவில்லாமல் கூட்டினால் வரவேண்டியது 90-இல் மூன்றில் ஒரு பங்கு, 30. மிச்சம் உள்ள 4 ஓமைத் தனியாக ஒரு தடையாகத் தொடரில் சேர்த்துவிடுங்கள், அப்போதுதான் நீண்ட நேரக் கணக்கு சரியாக வரும். இந்த நாலு ஜோடியில் சுமார் 0.1 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம்பலாம். அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஜோடிகளைக் கூட்டுங்கள்.

டான்-ஹெச்சுக்குப் பெரிய மின்தேக்கி கிடையாது, கதவு திறந்திருக்கிறதே. ஜோடிகள் மட்டும்: மின்தேக்கி அதே பாதி, தடை 8 × விரவல் தடை ÷ ((2கே − 1)² × பை²).

படி 9: வந்த எண்ணை வேறு வழியில் பிடித்துப் பாருங்கள்

பேட்டரியில் சிக்மாவிலிருந்து விரவல் குணகம் எடுக்கப் பரப்பு வேண்டும், அந்தப் பரப்புதான் எல்லோரையும் கவிழ்க்கிறது. தகட்டின் பரப்பைப் போடுவதா, துகள்களின் மொத்தப் பரப்பையா? பரப்பு வர்க்கமாக வருவதால் பத்து மடங்கு வித்தியாசம் நூறு மடங்காகும். எதைப் போட்டீர்கள் என்று எழுதிவிடுங்கள், படிக்கிறவர் திட்டமாட்டார்.

பரப்பே வேண்டாத சோதனை ஒன்று இருக்கிறது. காத்-ஹெச் ஃபிட்டில் கிடைத்த பெரிய மின்தேக்கி வேறொன்றுமில்லை, அந்த மின்னேற்ற நிலையில் ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் போகும் என்பதுதான். மேலே உள்ள செல்லில் 1 மில்லிஆம்பியரை 100 விநாடி இழுத்தால் 0.1 கூலம், நன்றாக ஓய்வு கொடுத்தபின் மின்னழுத்தம் 0.1 ÷ 2.78, அதாவது சுமார் 36 மில்லிவோல்ட் இறங்கியிருக்க வேண்டும். 30 அல்லது 40 வந்தால் ஃபிட்டை நம்பலாம். 4 வந்தாலோ 300 வந்தாலோ ஆரம்ப மதிப்புகளோடு மல்லுக்கட்டாதீர்கள். செல்லை ஒரு ராத்திரி ஓய்வில் போட்டு, தெர்மோகோல் பெட்டியை மூடி, கடைசி இரண்டு பத்து மடங்குகளை மட்டும் மறுபடி அளந்து பாருங்கள். எனக்குப் பாதித் தடவை அங்கேயே சரியாகியிருக்கிறது, மீதிப் பாதியில் தப்பான உறுப்பைப் போட்டிருந்தேன்.